பழகிய திரை, பழகாத பணி

விஜயபுரத்தில் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புறப்படும் ஒரு சிறு சரக்கு வண்டி சற்று நேரத்தில் மாநில எல்லையைக் கடந்து திருத்தணிப் பக்கம் சென்றுவிடும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்க்கப்பட்டபோது நிலவரைபடத்தில் ஒரு கோடு இடம் மாறியது. உறவுகளும் கொடுக்கல் வாங்கலும் மாறவில்லை. நகரிப் பகுதியின் விசைத்தறிகளில் நெய்யப்படும் துணிக்குக் கோட்டின் இரு பக்கங்களிலும் வாங்குவோர் உண்டு. ஆனால் வண்டி அந்தக் கோட்டைக் கடப்பதற்கு முன் அதன் உரிமையாளர் ஒரு கணினித் திரையைக் கடக்க வேண்டியிருக்கிறது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், மாநிலம் விட்டு மாநிலம் செல்ல இ-வே பில் வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் இதுவே நடைமுறை.

அத்தகைய ஒரு துணி வணிகரின் அலுவலகத்தை மனக்கண்ணில் கொண்டுவருவோம். கணக்கு வேலைக்குப் புதிதாக ஓர் இளைஞர் சேர்ந்திருக்கிறார். பட்டதாரி, கைப்பேசியில் ரயில் பயணச்சீட்டு எடுப்பார், மின்கட்டணம் செலுத்துவார், வீட்டுக்கு வேண்டியவற்றை இணையத்தில் வாங்குவார். இ-வே பில் தளத்தைத் திறந்து காட்டியதும், யாரும் சொல்லித்தராமலே ஐந்து நிமிடத்தில் படிவத்தை நிரப்பிவிடுகிறார். வாங்குபவரின் வரிப் பதிவு எண்ணில் முதல் சில இலக்கங்களைத் தட்டியவுடன், உலாவி தன் நினைவிலிருந்த ஓர் எண்ணைத் தானே எடுத்து நீட்டுகிறது. அவரும் அதை ஏற்றுக்கொள்கிறார். பில் உருவாகிறது, வண்டி புறப்படுகிறது. சற்றுப் பொறுத்துத்தான் தெரிகிறது, அந்த எண் வேறொரு வாங்குபவருடையது என்று.

‘திருத்திவிடலாம்’ என்றுதான் அவர் எண்ணுகிறார். இணையக் கடையில் பொருளுக்கு ஆணை கொடுத்த பிறகும் முகவரியை மாற்ற முடிகிறதே! ஆனால் உருவாகிவிட்ட இ-வே பில்லில் வண்டி எண் போன்ற போக்குவரத்து விவரங்களைப் புதுப்பிக்கலாமே தவிர, சரக்கையும் வாங்குபவரையும் பற்றிய விவரங்களைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் அதை ரத்துசெய்துவிட்டுப் புதியது எடுக்க வேண்டும். வழியில் அதிகாரி அதைச் சோதித்துவிட்டால் ரத்துசெய்யவும் வழியில்லை. வண்டியோ சாலையில் இருக்கிறது.

அந்த இளைஞருக்குக் கணினி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. திரையிலிருந்த ஒவ்வொரு பொத்தானையும் அவர் அறிவார். இ-வே பில் என்றால் என்ன என்பதை மட்டும் அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

“இணையதளம் மாதிரிதானே இருக்கிறது, இதற்குத் தனியாக என்ன பயிற்சி?” என்னும் கேள்வியை இன்று கடைகளிலும் ஆலைகளிலும் அரசு அலுவலகங்களிலும், ஏன், எங்களைப் போன்ற வங்கிகளிலும்கூடக் கேட்கிறோம். அது முழுவதும் தவறான கேள்வியன்று. எதுவரை அது சரி, எங்கே அது நம்மைக் கைவிடுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேரேட்டிலிருந்து உலாவிக்கு

இதற்கு வங்கித் துறையின் வரலாறே நல்ல சான்று. 1980-களின் தொடக்கத்தில் கிளைகளின் கணக்கு முழுவதும் கனத்த பேரேடுகளில் இருந்தது. 1983-இல் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே இயந்திரமயமாக்கம் குறித்து ஒப்பந்தம் ஏற்பட்டது. 1984-இல் ரங்கராஜன் குழு தன் அறிக்கையை அளித்தது. முதலில் பேரேட்டுப் பதிவு இயந்திரங்கள் வந்தன; 1987-இலும் 1993-இலும் மேலும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி, கிளைகள் படிப்படியாகக் கணினிக்கு மாறின. 2000-களில் கோர் பேங்கிங் முறை பரவி, எந்தக் கிளையின் வாடிக்கையாளரும் எந்தக் கிளையிலும் பணம் எடுக்கலாம் என்ற நிலை வந்தது.

அந்நாளைய திரைகளை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருண்ட பின்னணியில் வெறும் எழுத்துகள்; படம் இல்லை, சுட்டி இல்லை. ஒவ்வொரு பணிக்கும் ஒரு குறியீடு. பதிவை உறுதிசெய்ய ஒரு செயல்விசை, விலக்க வேறொரு செயல்விசை. குறியீடுகளைச் சிறு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருந்தவர்கள் பலர். பயிற்சிக் கல்லூரிக்குச் சென்று நாள்கணக்கில் கற்றாலன்றி அந்தத் திரையின் முன் அமர முடியாது.

இந்தக் கடினத்துக்குள் ஒரு நன்மை மறைந்திருந்தது. குறியீட்டைக் கற்பிப்பவர், அது எந்தப் பணியைச் செய்கிறது என்பதையும் கூறியாக வேண்டும். எந்தக் கணக்கில் பற்று, எந்தக் கணக்கில் வரவு, யார் சரிபார்க்க வேண்டும், பிழை நேர்ந்தால் எந்தப் பதிவால் அதை நேர்செய்வது என்பனவெல்லாம் குறியீட்டோடு சேர்ந்தே வந்தன. திரை புரியாததாக இருந்ததால் பயிற்சி நடந்தது; பயிற்சி நடந்ததால் பணியும் விளங்கியது.

பிறகு திரை மாறியது. 1993-இல் மொசைக் உலாவி வெளிவந்து, படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் தெரியும் வலைத்தளம் எளியோர் கைக்கும் எட்டியது. இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியது. 2002-இல் ரயில் பயணச்சீட்டை இணையத்திலேயே எடுக்க வழி பிறந்தது, 2016-இல் யு.பி.ஐ. வந்தது. வீட்டுப் படம் என்றால் முகப்புப் பக்கம், பூதக்கண்ணாடி என்றால் தேடல், தள்ளுவண்டி என்றால் வாங்கவிருக்கும் பொருள்கள், சிவப்பு விண்மீன் என்றால் கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் என்பவை எந்த வகுப்பிலும் சொல்லித்தரப்படாமலே கோடிக்கணக்கானோருக்குப் பாடமாயின. அலுவலக மென்பொருள்களும் உலாவிக்குள் குடியேறி அதே தோற்றத்தை மேற்கொண்டன.

இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆந்திரத்தில் 2019 அக்டோபர் 2 அன்று கிராமச் செயலகங்கள் தொடங்கியபோது இளைஞர்கள் பெருமளவில் பணியில் சேர்ந்தனர். வலைத்தளப் படிவங்களில் வேலை செய்வது அவர்களுக்குப் புதிதாக இல்லை. 2025 ஜனவரி 30 அன்று அம்மாநில அரசு ‘மன மித்ர’ என்ற பெயரில் 161 சேவைகளை வாட்ஸ்அப் வழியாக வழங்கத் தொடங்கியது. மக்கள் புதிய செயலி எதையும் கற்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்க்கும் அதே திரையில் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம். தமிழ் பேசி, தெலுங்கு படித்து, ஆங்கிலப் படிவம் நிரப்பும் எல்லைப்புற மக்களுக்குப் பழகிய சின்னங்கள் ஒருவகைப் பொதுமொழியாகவே உதவுகின்றன. பயிற்சிச் செலவு குறைவதும், நடுவயதில் புதிய வேலைக்கு வருவோரின் அச்சம் தணிவதும் கண்கூடு.

ஆனால் திரைக்கான பயிற்சி போனபோது, அதன் நிழலில் நடந்துவந்த பணிக்கான பயிற்சியும் ஓசையின்றிப் போய்விட்டது. விஜயபுரத்து இளைஞர் இடறிய இடம் இதுதான்.

முன்னறிவு என்னும் இருமுனைக் கத்தி

இதை ஆய்வாளர்கள் வலைத்தளம் பிறப்பதற்கு முன்பே கண்டுகொண்டனர். ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜான் கரோல், மேரி பெத் ராசன் ஆகிய இருவரும் 1987-இல் ‘செயல்முனைப்புள்ள பயனரின் முரண்’ என்ற கருத்தை முன்வைத்தனர். புதிய மென்பொருள் கையில் கிடைத்தவுடன் மனிதர்கள் கையேட்டைப் படிப்பதில்லை. வேலையை முடிக்கவே முனைகிறார்கள். ஏற்கெனவே அறிந்தவற்றைக் கொண்டு புதியதைப் புரிந்துகொள்கிறார்கள். இரண்டும் இயல்பானவை, பெரும்பாலும் பயன் தருபவை. ஆனால் முதலாவது பழக்கத்தால், கற்றால் கிடைக்கும் நன்மை கிடைக்காமல் போகிறது. இரண்டாவது பழக்கத்தால், பழையதும் புதியதும் வேறுபடும் இடம் கண்ணில் படாமல் போகிறது.

கரோல் இதற்குச் சொன்ன மருந்து, தடித்த கையேடுகளைச் சுருக்குவது. தெரிந்ததை மீண்டும் சொல்லாமல், உண்மையான வேலையைக் கொண்டே கற்பித்து, பிழையிலிருந்து மீளும் வழிக்குச் சிறப்பிடம் தர வேண்டும் என்றார். கற்பவர் எப்படியும் பிழை செய்வார். அதை உணர்ந்து மீளத் தெரிந்தால் போதும் என்பது அதன் உட்பொருள். அந்த மருந்து இன்றும் காலாவதியாகவில்லை.

மூவர் பார்த்தும் தப்பிய பிழை

பணியைப் பற்றிய அறிவில் குறை நேர்ந்தால் எவ்வளவு இழப்பு வரும் என்பதற்கு அண்மைக்கால வங்கி வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 ஆகஸ்டில் ரெவ்லான் என்ற அழகுப்பொருள் நிறுவனத்தின் கடனுக்கான வட்டியை, அக்கடனின் நிர்வாக முகவராக இருந்த சிட்டி வங்கி கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வட்டித் தொகை ஏறத்தாழ 78 லட்சம் டாலர். அனுப்பப்பட்டதோ ஏறத்தாழ 90 கோடி டாலர்! வட்டியோடு முழு அசலும் வங்கியின் சொந்தப் பணத்திலிருந்து வெளியேறிவிட்டது.

பயன்பட்ட மென்பொருள் இந்தியாவில் பிறந்த ஃபிளெக்ஸ்கியூப். அசல் தொகை வெளியே போகாமல் வங்கியின் உட்கணக்கு ஒன்றில் தங்குவதற்குத் திரையில் மூன்று கட்டங்களைக் குறிக்க வேண்டும். பதிவு செய்தவர் அவற்றில் ‘அசல்’ என்றிருந்த ஒன்றை மட்டும் குறித்தார். அசலைப் பற்றிய வேலைக்கு ‘அசல்’ என்ற கட்டம் போதும் என்று நினைப்பது இயல்புதானே? சரிபார்த்தவரும் அப்படியே நினைத்தார்; ஒப்புதல் அளித்த மூன்றாமவரும் அப்படியே நினைத்தார். பணம் வங்கியை விட்டு வெளியே செல்லவிருக்கிறது, தொடரலாமா என்று திரை ஒரு பொது எச்சரிக்கையைக் காட்டத்தான் செய்தது. தொகையை அது கூறவில்லை. வட்டி எப்படியும் வெளியே போக வேண்டியதுதான் என்பதால் அந்த எச்சரிக்கை யாரையும் நிறுத்தவில்லை.

சில நிறுவனங்கள் பணத்தைத் திருப்பித் தந்தன. ஏறத்தாழ 50 கோடி டாலர் திரும்பவில்லை. 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் பெற்றவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிய பிறகே வங்கிக்கு வழி பிறந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மூவர் பார்த்தனர், மூவரும் ஒரே புரிதலோடு பார்த்தனர். பார்ப்போரின் எண்ணிக்கை கூடுவதால் மட்டும் பிழை பிடிபடாது. அவர்களில் ஒருவருக்காவது பொத்தானுக்குப் பின்னால் நடப்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றுபோல் தோன்றுபவை

பெரிய வங்கியின் கதை நமக்கு எதற்கு என்று சிறு தொழில் நடத்தும் வாசகர் நினைக்கலாம். அளவுதான் வேறு, இடறும் இடம் ஒன்றே. அன்றாடம் நாம் காணும் மூன்றைக் கூறுவோம்.

முதலாவது, பணம் அனுப்பும் திரை. யு.பி.ஐ. செயலியில் பணம் அனுப்புவதற்கு முன் பெறுபவரின் பெயரைத் திரையே காட்டும். அதில் பழகியவர், என்.இ.எஃப்.டி. அல்லது ஆர்.டி.ஜி.எஸ். படிவத்தில் பெயரையும் கணக்கு எண்ணையும் நிரப்பும்போது, இரண்டும் பொருந்துகின்றனவா என்று வங்கி பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடுவார். உண்மையில் அவ்வகைப் பரிமாற்றங்களில் பணம் வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணை மட்டும் கொண்டே. ஓர் இலக்கம் மாறி, அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்தால் பணம் அங்கே போய்ச் சேரும். இந்த இடரைக் குறைக்கவே, கணக்கு எண்ணை உள்ளிட்டதும் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்தும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. வசதி வந்துவிட்டது, காட்டப்படும் பெயரை நின்று படிக்கும் பழக்கத்தை நாம்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வரிப் படிவம். ஜி.எஸ்.டி. தளத்தில் மாதந்தோறும் அளிக்கும் 3பி படிவம் பார்வைக்கு எந்த இணையப் படிவத்தையும் போன்றதே. ஆனால் தாக்கல் செய்தபின் அதைத் திருத்த முடியாது. பிழையைப் பின்வரும் மாதத்தின் படிவத்தில்தான் நேர்செய்ய வேண்டும். சமூக ஊடகத்தில் எழுதியதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிப் பழகிய விரலுக்கு இந்த வேறுபாடு தானாகத் தெரியாது.

மூன்றாவது, கடவுச்சொல். வீட்டில் திரைப்படச் சந்தாவுக்கு ஒரே கடவுச்சொல்லைக் குடும்பமே பயன்படுத்தும். அதே எண்ணத்தோடு அலுவலகத்தில் முதலாளியின் பெயரிலேயே எல்லோரும் உள்நுழைவார்கள். ஒருவர் பதிவுசெய்ய மற்றொருவர் ஒப்புதல் தரவேண்டும் என்ற முறை, இருவரும் ஒரே கடவுச்சொல்லில் நுழையும் நாளில் பொருளிழந்துவிடுகிறது. பின்னர் பிழை நேர்ந்தால் செய்தவர் யார் என்று கணினியாலும் கூற முடியாது.

பழக்கத்தையே வேடமாக்குவோர்

பழகிய தோற்றம் நம்பிக்கையைத் தருகிறது. அந்த நம்பிக்கையை ஏமாற்றுவோரும் அறிவர். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தளத்தைப் போலவே தோன்றும் போலித் தளங்களில் தரிசனத்துக்கும் தங்குமிடத்துக்கும் பணம் கட்டி ஏமாந்த பக்தர்கள் உண்டு. தேவஸ்தானமும் பலமுறை எச்சரித்திருக்கிறது. வங்கிகளின் தளங்களுக்கும் இதே நிலை நேர்கிறது. ஆகவே இந்திய வங்கிகளின் தளங்கள் யாவும் ‘.பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. பக்கத்தின் நிறத்தையும் சின்னத்தையும் யாரும் நகலெடுக்கலாம். அந்த முகவரி ஈற்றை வங்கிகளுக்கே வழங்குகிறார்கள்.

ஓர் அலுவலகத்தில் ஊழியர்களுக்குத் தரும் முதல் பாடம் இதுவாகவே இருக்கலாம்: திரையின் நடுவைப் பார்க்கும் முன் முகவரிப் பட்டையைப் பாருங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையில்லை என்பது இரண்டாவது பாடம்.

மிச்சமான நேரத்தை எங்கே செலவிடுவது?

பழைய நாள்களைப் போல வாரக்கணக்கில் பொத்தான்களைக் கற்பிக்கச் சொல்லவில்லை. அந்த நேரம் மிச்சமானது நல்லதே. அதில் ஒரு பகுதியைப் பணியைக் கற்பிக்கச் செலவிட்டால் போதும். அதற்குப் பெரிய செலவும் வேண்டாம்.

உங்கள் தொழிலில் பயன்படும் மென்பொருள்களில், அழுத்தினால் மீட்க முடியாத பொத்தான்கள் எவை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் அது ஒரு பக்கத்தைத் தாண்டாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று செய்திகள் போதும்: அழுத்துவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், அழுத்தியபின் என்ன நடக்கும், பிழையானால் எவ்வளவு நேரத்துக்குள் யாரிடம் சொல்ல வேண்டும். ஊழியர் தமிழில் படிப்பவரானால் தமிழிலும், தெலுங்கில் படிப்பவரானால் தெலுங்கிலும் எழுதுங்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த குறியீட்டுத் தாளின் இடத்தை இப்போது இந்தத் தாள் பெறட்டும்.

அடுத்து, நேர்ந்த பிழைகளுக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். அதில் ஆளின் பெயர் வேண்டாம். பிழையும் அது சரிசெய்யப்பட்ட விதமும் போதும். பிழையைச் சொன்னவரைக் கடிந்துகொள்ளும் அலுவலகத்தில் அடுத்த பிழை மறைக்கப்படும். இ-வே பில்லுக்கு 24 மணி நேரம் என்ற கெடு இருக்கும்போது, மறைக்கப்படும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு.

மூன்றாவதாக, இருவரைச் சேர்த்து உட்கார வையுங்கள். பெரும்பாலான தொழில்களில் நாற்பது ஆண்டுப் பேரேட்டு அனுபவம் உள்ள ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். அவருக்குப் பணி தெரியும், திரை தெரியாது. புதிதாக வரும் இளைஞருக்குத் திரை தெரியும், பணி தெரியாது. முன்னவரை ‘கணினி அறியாதவர்’ என்று ஒதுக்குவதும், பின்னவரை ‘எல்லாம் அறிந்தவர்’ என்று தனியே விடுவதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். புதிய மென்பொருள் வரும் முதல் மாதத்தில் இருவரும் ஒரே திரையின் முன் அமர்ந்தால், இருவருக்கும் அது பயிற்சி வகுப்பாகிவிடும்.

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. இணைய வங்கிச் சேவையை உங்கள் நிறுவனத்தில் புதிதாகத் தொடங்கும்போது, திரையை இயக்கத் தெரிந்துவிட்டது என்பதோடு நின்றுவிடாமல், வரம்புத் தொகை, இருவர் ஒப்புதல், தவறான பரிமாற்றத்தை அறிவிக்கும் முறை ஆகியவற்றைக் கிளையில் கேட்டறியுங்கள். அவற்றை விளக்குவது எங்கள் கடமை.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பார்கள் பெரியோர். தெளிந்த நீரில்தான் ஆழம் குறைவாகத் தோன்றும். நன்கு வடிவமைக்கப்பட்ட திரையும் அப்படித் தெளிந்த நீரே.

மீண்டும் விஜயபுரத்துக்கு வருவோம். மறுவாரம் அதே அலுவலகம், அதே திரை. வாங்குபவரின் எண்ணை உலாவி தானாக நீட்டுகிறது. இம்முறை இளைஞரின் பக்கத்தில் கணக்குப்பிள்ளை அமர்ந்திருக்கிறார். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு, விலைச்சீட்டை விரலால் தொட்டு, “இந்தச் சரக்கு யாருக்குப் போகிறது தம்பி? எண்ணைப் படி, கேட்போம்” என்கிறார். இளைஞர் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்கிறார். ஏழாவது இலக்கத்தில் அவரே நிறுத்திவிடுகிறார். அழித்துவிட்டுச் சரியான எண்ணைத் தட்டி, மீண்டும் ஒருமுறை படித்த பிறகே பொத்தானை அழுத்துகிறார். வாசலில் வண்டி இரண்டு நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கிறது. அதன்பின் எல்லை வரை அது எங்கும் நிற்கவேண்டியதில்லை.